மூன்றாம் நாள் நான் சொன்ன வாக்கு

என் மேல் அம்மன் வந்தாள் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறுத்துப் பார்த்துவிட்டேன். "தெய்வக்காரன் தன்ர வாயால ஓமெண்டு சொல்லுவானே?" என்று அந்த மறுப்பையும் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இருபது வருடமாக ஊரில் இந்தக் குடிகாரனுக்கு இருந்த பெயர் வெறிக்குட்டி. அதிலிருந்து ஒரே நாளில் தெய்வக்காரனாக உயர்ந்தவன் நான் ஒருவன்தான். அந்த உயர்வு எப்படி வந்தது, அதை ஏன் நானே போய்க் கெடுத்துக்கொண்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உப்புவெளிப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். கடற்கரையோரம் ஒரு தகரக் கொட்டில், உட்கார ஒரு வாங்கு, நட்டுக் கழற்றும் சாவிகள் தொங்கும் பலகை, எஞ்சினை இறக்கி ஓடவிட்டுப் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பா. இவ்வளவுதான் என் சாம்ராச்சியம். திருத்திய எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும். நான் முக்கால் மணித்தியாலம் ஓடவிடுவேன். ஆள் கவனமான மெக்கானிக் என்று படகுச் சொந்தக்காரச் சம்மாட்டிமார் நினைத்தார்கள். உண்மை வேறு. எஞ்சின் இரையும்போது மட்டும்தான் எனக்கு அந்தக் குரல் கேட்காது.

முப்பது வயதளவில் அது தொடங்கியது. இடது காதுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். கூச்சல் போடாது, தூசணம் பேசாது. வரிசையில் நிற்பவனிடம் அரசாங்கக் கந்தோரில் விசாரிக்கிற மாதிரி விசாரித்துக்கொண்டே இருக்கும். எங்கே போகிறாய், ஏன் அவனைப் பார்த்தாய், கதவைப் பூட்டினாயா. பகலில் எஞ்சின் சத்தத்தால் அதை மூடலாம். பொழுதுபட்டால் எஞ்சினை ஓடவிட ஏலாது, சனம் சண்டைக்கு வரும். அப்போது சாராயம். கால் போத்தலோடு தொடங்கியது, வருடங்கள் போகப்போக ஒரு போத்தலில் வந்து நின்றது. கைக்குச் சாராயம் கிடைக்காத நாளில் கள்ளமாய்க் காய்ச்சின கசிப்பு.

குரலைப் பற்றி மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. குடிகாரன் என்று பெயர் எடுப்பது பைத்தியம் என்று பெயர் எடுப்பதைவிட எவ்வளவோ மேல். குடிகாரனைத் திட்டித் திட்டியே வேலை கொடுப்பார்கள். பைத்தியத்தின் கையில் எவனாவது எஞ்சினைக் கொடுப்பானா?

பக்கத்து ஒழுங்கையில் ஒரு மீன்பிடிகாரர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதிகம் கதைக்காத மனிதர். ஒருநாள் எஞ்சின் இழுத்து இழுத்து நிற்கிறது என்று கொண்டுவந்து தந்தார். காபரேட்டரைக் கழுவினேன், பிளக் இரண்டையும் மாற்றினேன், பீப்பாவில் ஓடவிட்டேன். காலையில் கை நடுக்கம் நிற்பதற்கு இரண்டு கிளாஸ் போட்டுவிட்டுத்தான் வேலையில் இறங்கினேன், அது அப்போது எனக்கு வழமை. நாலு நாள் கழித்து அவர் தனியே கடலுக்குப் போனார். படகு குச்சவெளிக் கரையில் கவிழ்ந்தபடி வந்து ஒதுங்கியது. எஞ்சின் இல்லை. அவரும் இல்லை.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அண்டைக்குக் காற்று என்றார்கள், கடல் என்றார்கள், விதி என்றார்கள். ஆனால் என் காதுக்குப் பின்னால் இருந்தவர் மற்ற விசாரணைகளை எல்லாம் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்.

"பிளக்கை இறுக்கினியா?"

காலை, மத்தியானம், சாப்பிடும்போது, குளிக்கும்போது. ஒரு போத்தல் போதாமல் போனது அதற்குப் பிறகுதான்.

மனைவி ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இழுத்துக்கொண்டு என்பது சும்மா சொல்வதல்ல, சேட்டின் பின்கழுத்தில் பிடித்து. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதத் தேவையில்லை. மனநல கிளினிக்கில் இருந்தவர் என் வாய் மணத்தைப் பிடித்துவிட்டு, "முதல்ல குடியை நிப்பாட்டிப்போட்டு வாங்க, அதுக்குப் பிறகுதான் என்ன வருத்தமெண்டு பாக்கலாம்" என்றார். குடியை மறக்கவைக்கிற இடத்தில் இருந்தவர், நான் பேசும்போது அடிக்கடி இடப்பக்கம் திரும்புவதைக் கண்டுவிட்டு, "இது மனநலக்காரர் பாக்கவேண்டிய கேஸ்" என்றார். ஒன்றுக்குச் செவ்வாய்க்கிழமை, மற்றதற்கு வியாழக்கிழமை. ஒன்றுக்கு நீல மட்டைக் கொப்பி, மற்றதற்குச் சிவப்பு மட்டைக் கொப்பி. குளிசை மட்டும் தந்தார்கள். வலையின் இரு பக்கமும் நின்று பந்து அடிப்பதுபோல என்னை ஆறு மாதம் அடித்தார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை இருக்கவில்லை. இரண்டு பக்கமும் அடிக்கட்டும், பந்து தன்பாட்டில் பின்னேரம் குடிக்கப் போகும்.

அந்த ஆறாம் மாதத்தில்தான் மிஸ் வந்தார். உளவளத்துணையாளர் என்பது அவருடைய பதவி. மூதூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் முக்காடு, தோளில் எப்போதும் ஒரு பெரிய துணிப்பை. ஆஸ்பத்திரியில் பழைய சாமான்கள் அடுக்கியிருந்த ஓர் அறையில் பாதியை ஒதுக்கி அவருக்குக் கொடுத்திருந்தார்கள். உடைந்த நிறுவைத் தராசு ஒன்று என் முழங்காலில் இடிக்க இடிக்கத்தான் அங்கே உட்கார வேண்டும்.

எவ்வளவு குடிப்பாய், எப்போதிருந்து குடிக்கிறாய் என்று கேட்பார் என்று பதில்களோடு போயிருந்தேன். வழமையாக நான் பாதிக் கணக்குச் சொல்வேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணன், குடிச்சா உங்களுக்கு என்ன நன்மை கிடைக்குது?"

இப்படி ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் ஒருவரும் கேட்டதில்லை. நக்கல் பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு உண்மையாகவே மறுமொழிக்குக் காத்திருந்தார். எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

"சத்தம் நிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

இருபது வருடம் பூட்டி வைத்தது இரண்டு சொல்லில் வெளியே வந்துவிட்டது. வெளியில் வாங்கில் இருந்த மனைவிக்குக் கேட்டிருக்குமோ என்று எனக்கு வேர்த்தது. மிஸ் அதிர்ச்சியடையவில்லை. எந்தக் காதில், ஆணா பெண்ணா, குடித்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது, வெறி முறிந்த பிறகு கூடுகிறதா என்று எஞ்சின் பழுதை விசாரிப்பதுபோல விசாரித்தார். கடைசிக் கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். ஓம், கூடுகிறது. அடுத்த நாள் காலை முன்னையைவிட மோசமாகத்தான் கேட்கிறது. அதை நான் அதுவரை கவனிக்காமலே இருந்திருக்கிறேன். மெக்கானிக் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன்.

நீலக் கொப்பியையும் சிவப்புக் கொப்பியையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். புதிதாக ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டுத் தந்தார். ஒரு பக்கத்தில் சாராயம், குளிசை, சத்தம், நித்திரை என்று நாலு நிரல்.

"ஆள் ஒருத்தர். வருத்தம் ரெண்டு. ஆளை ரெண்டா வெட்டி ரெண்டு நாளைக்கு அனுப்பேலாது. டொக்டரோட நான் கதைக்கிறன். நீங்க பொய் எழுதாம இதை மட்டும் நிரப்பிக்கொண்டு வாங்க."

பொய் எழுதாமல் நிரப்பினேன். சத்தம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. 'கதவைப் பூட்டினாயா என்று கேட்கும்' என்று பழைய கேள்வியைக் கொடுத்துச் சமாளித்தேன். படகுக் கதையை வாயில் எடுத்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

மூன்றாவது மாதம் அவரிடம் கேட்டேன், ஒரேயடியாக விட்டால் என்ன என்று. சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம் அண்ணன். நீங்க குடிக்கிற அளவுக்குச் சடாரெண்டு நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து. விடுறதெண்டா சொல்லுங்க, ஆஸ்பத்திரி வாட்டில வைச்சு மருந்து குடுத்து நிப்பாட்டுவம். நீங்களா ஒண்டும் செய்யாதீங்க."

விடு என்று சொல்லுவதற்குச் சம்பளம் வாங்குகிற பிள்ளை விடாதே என்கிறாளே என்று அன்று பின்னேரம் கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்துவதற்கு ஒருவரும் வாட்டுக்குப் போவதில்லை. அதற்குக் காப்பு இருக்கிறது. கோயில் சடங்கு தொடங்கும் நாளில் மஞ்சள் நூலைக் கையில் கட்டிவிட்டால் பத்து நாளைக்கு மீன் இல்லை, இறைச்சி இல்லை, சாராயம் இல்லை, ஊரெல்லை தாண்டக்கூடாது. பத்தாம் நாள் தீ மிதிப்பு. எப்பேர்ப்பட்ட வெறிக்குட்டியும் காப்புக் கட்டினால் போத்தலைத் தொடமாட்டான், சனமும் அவனை மரியாதையாகப் பார்க்கும். காப்பு அறுத்த அன்றே பலர் பழையபடி தொடங்கிவிடுவார்கள் என்பது வேறு கதை.

நான் காப்புக் கட்டினேன். மிஸ்ஸிடம் சொல்லவில்லை. குளிசைகளையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அம்மனிடம் கையை நீட்டிவிட்டு டொக்டரிடமும் கையை நீட்டுவது அவளை நம்பாததுபோல எனக்குப் பட்டது. இந்த அறிவுகெட்ட வேலையை வேறு எந்த ஊரானும் இவ்வளவு பக்தியோடு செய்திருக்கமாட்டான்.

முதல் நாள் நடுக்கம். இரண்டாம் நாள் வேர்வை, சத்தியெடுப்பு, ஒரு கண் நித்திரை இல்லை. விரதம் பிடித்துக்கொண்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் மெச்சினார்கள். மூன்றாம் நாள் காலையில் கோயில் மணலெல்லாம் சின்னச் சின்ன நண்டுகள் ஓடின. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டேன். மடியில் ஒன்றும் இல்லை என்று மனைவி சொன்னது எனக்கு விளங்கவில்லை. மத்தியானப் பூசைக்குப் பறையும் உடுக்கும் தொடங்கியபோது என் உடம்பு முழுக்க உதறத் தொடங்கியது. காதுக்குப் பின்னால் இருந்தவர் இப்போது நாலு பக்கத்திலிருந்தும் கத்தினார். எழும்பி ஓடினேன். விழுந்து எழும்பினேன். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், யாரோ தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். "வந்திட்டா, வந்திட்டா" என்று சனம் கும்பிட்டது.

பிறகு கேள்விகள். வெளிநாட்டில் இருக்கிற மகன் எப்போது வருவான், மகளுக்குக் கலியாணம் எப்போது பொருந்தும் என்று கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக நினைவில் நிற்கிறது. அந்த மீன்பிடிகாரரின் மனைவி என் காலடியில் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "என்ர மனிசன் எங்க தாயே?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்தேன். நாலு பக்கத்திலிருந்தும் பிளக்கை இறுக்கினியா, பிளக்கை இறுக்கினியா என்று கேட்டது. அதை நிறுத்த எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"வருவான். மாரி மழைக்கு முதல் வருவான்" என்று கத்தினேன்.

அதோடு எனக்கு வலிப்பு வந்துவிட்டது.

மிச்சத்தை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். வாயில் நுரை தள்ளியும் சனம் என்னைத் தொடவிடவில்லையாம். சாமி ஏறி உருவில் இருப்பவனைத் தொடக்கூடாது, காப்புக் கட்டினவனை எல்லை தாண்டிக் கொண்டுபோகக்கூடாது. மனைவி ஒரு பக்கமாகப் போய் மிஸ்ஸுக்குப் போன் எடுத்திருக்கிறாள். மிஸ் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். நிறுத்தி எத்தனை நாள், வேர்க்கிறதா, இல்லாததைப் பிடிக்கிற மாதிரி கை போகிறதா. மூன்றாவதற்குப் பதில் வந்ததும், "உடனே ஏத்துங்க, ஒருத்தருக்கும் நிக்காதீங்க" என்று கத்தினாராம். மனைவி நேரே பூசாரியிடம் போய், "ஐயா, இவர் செத்தா காப்பு என்னத்துக்கு?" என்று கேட்டிருக்கிறாள். பூசாரி என்னைப் பார்த்துவிட்டுத் தன் கையாலேயே காப்பை அவிழ்த்து, "கொண்டு போ பிள்ளை. அம்மாளாச்சி கோவிக்கமாட்டா" என்றாராம். அந்த மனிதருக்கு நான் உயிர்க்கடன் பட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். முதல் நாலு நாள் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண் தெளிந்தபோது தலைமாட்டில் மிஸ் இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம், அவர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்ற கோபம்.

"ஏசுங்க மிஸ்" என்றேன்.

"ஏசுறதெண்டா பஸ் ஏறி இவ்வளவு தூரம் வரமாட்டன். போன்லயே ஏசியிருப்பன்" என்றார். பிறகு சொன்னார்: "உங்கட அம்மனைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லை அண்ணன். அது எனக்குரிய விசயமில்லை. உங்கட உடம்புக்கு என்ன நடந்ததெண்டு மட்டும் சொல்லுறன்."

படம் கீறிச் சொன்னார். சாராயம் இத்தனை வருடமாக மூளையை அமத்தி வைத்திருந்தது, திடீரென்று கையை எடுத்ததும் அது பாய்ந்துவிட்டது என்றார். எஞ்சினை முழு வேகத்தில் விட்டுச் சுமையைக் கழற்றினால் எப்படிக் கதறும் என்று எனக்குத் தெரியும். அதனால் விளங்கியது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பழத்தட்டுகள். நான் நடக்கும்போது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கூட்டாளிகள் எனக்கு முன்னால் சிகரெட்டை ஒளித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. இருபது வருடம் நாய்க்குச் சொல்வதுபோல 'அடேய்' என்று கூப்பிட்டவர்கள் 'வாங்க' என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சாராயத்தைத் தொடவில்லை, குளிசையை விடவில்லை, கொப்பியின் முதல் நிரல் முழுக்கச் சைபர். குரல் இருந்தது, ஆனால் தள்ளி இருந்தது. இப்படியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

போகவிடாமல் செய்தது அந்த மீன்பிடிகாரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். வாக்குக் கேட்டு வந்த மறுநாளே அவர் கணவரின் படத்திலிருந்த மாலையைக் கழற்றிவிட்டாராம். பிள்ளைகள் ஆண்டுத் திவசத்துக்கு ஆயத்தம் செய்ய, "உயிரோட இருக்கிற மனிசனுக்குத் திவசமோ?" என்று அவர்களைத் துரத்தியிருக்கிறார். ஒவ்வொரு பின்னேரமும் என் கொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று கடலைப் பார்ப்பார். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். போகும்போது கொட்டிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கும்பிட்டுக்கு நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

புரட்டாதி பிறந்தது. ஒருநாள் காலை நேரே கொட்டிலுக்குள் வந்தார்.

"தம்பி, படகைக் கரையில ஏத்தி பெயின்ற் அடிப்பிச்சிட்டன். எஞ்சின்தான் இல்லை. நல்ல எஞ்சின் ஒண்டு பாத்து நீங்களே பூட்டித் தாங்க. வந்த உடன அவருக்குத் தொழிலுக்குப் போகவேணுமெல்லோ."

அன்றைக்குக் குடிக்கவேண்டும்போல வந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஓர் ஆசை வரவில்லை. கொட்டிலைப் பூட்டிவிட்டுத் சாராயத் தவறணைப் பக்கம் போகிற வீதியில் பாதித் தூரம் போனேன். பிறகு என்ன நினைத்தேனோ, எதிரே வந்த பஸ்ஸை மறித்து ஏறி மிஸ்ஸிடம் போய்விட்டேன். அன்று என் முறை இல்லை. வெளியில் ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் முடியும்வரை இருந்தேன்.

உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். எஞ்சின், இரண்டு கிளாஸ், பிளக், படகு, குரல் உண்மையில் கேட்கும் கேள்வி. கடைசியாக, மாரிக்கு முதல் வருவான் என்று நான் சொன்னது.

"இறுக்கினீங்களா?" என்று மிஸ் கேட்டார்.

அந்தக் கேள்வியை ஒரு மனிசர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

"நினைவில்லை மிஸ். அதுதானே பிரச்சினை. இறுக்கியிருப்பன். எத்தினை ஆயிரம் பிளக் இறுக்கியிருப்பன். ஆனா அண்டைய நாள் நினைவில்லை."

நீங்கள் குற்றவாளி இல்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பேனையை மூடிவிட்டு, "அந்த அக்காவுக்கு வருவானெண்டு சொன்னது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான். அம்மனில்லை. எனக்கு அந்தச் சத்தம் நிக்கவேணுமெண்டு சொன்னனான்."

"நிண்டதா?"

"அந்த ஒரு நிமிசம் நிண்டது."

"சாராயமும் அப்பிடித்தானே நிப்பாட்டினது" என்றார்.

போய்ச் சொல்லு என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானாகத்தான், சொல்ல வேண்டும் என்றேன். சொன்னால் என்ன நடக்கலாம் என்று நாலு கிழமை கதைத்தோம். ஊர் மறுபடி என்னை வெறிக்குட்டி என்னும். பைத்தியம் என்றும் சேர்த்துச் சொல்லும். வேலை குறையும். அக்கா அடிக்கலாம், மண்ணள்ளித் தூற்றலாம். அதற்குப் பிறகு குடிக்கத் தோன்றினால் யாருக்குப் போன் எடுப்பது, அன்று இரவு எங்கே படுப்பது என்பதுவரை எழுதி வைத்தோம். தான் கூட வரட்டுமா என்று மிஸ் கேட்டார். வேண்டாம் என்றேன். மனைவியிடமும் முழுவதையும் சொன்னேன். அவள் போய் அலுமாரியைத் திறந்துவிட்டு, "சேட்டை மாத்திக்கொண்டு போங்கோ" என்றாள்.

ஐப்பசியில் ஒரு முற்பகல் போனேன். வானம் மந்தாரமாக இருந்தது, முதல் மழை இன்னும் விழவில்லை. அக்கா குசினியில் கணவாய் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். தெய்வக்காரன் வீடு தேடி வந்துவிட்டான் என்று பதறிப்போய்க் கையைக் கழுவிவிட்டுக் கதிரையைத் துடைத்துப் போட்டார். சுவரில் மாலை இல்லாத படம். நான் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

மிஸ்ஸோடு சேர்ந்து ஒழுங்குபடுத்தியிருந்தபடியே சொன்னேன். அன்று என் மேல் ஒன்றும் வரவில்லை, சாராயத்தைத் திடீரென்று விட்டதால் வந்த வருத்தம் அது. எனக்குப் பல வருடமாக மூளையில் ஒரு வருத்தம் இருக்கிறது, இல்லாத குரல் கேட்கும், அதற்குக் குளிசை போடுகிறேன். அவர் வருவார் என்று சொன்னது என் வாய், எனக்கு ஒன்றும் தெரியாமல் சொன்னது. அதை நம்பவேண்டாம், என்னை மன்னிக்கவேண்டும்.

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஒழுங்குபடுத்தாத மற்றதும் வந்துவிட்டது. எஞ்சினைத் திருத்திய அன்று நான் குடித்திருந்தேன், பிளக்கை இறுக்கினேனா என்று நினைவில்லை, நடுக்கடலில் எஞ்சின் நின்றிருந்தால் அது என்னாலேயோ தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். இரண்டு வருடமாக என்னைத் தின்ற கதை அது. சொன்னால் அவர் என்னைக் கொல்லுவார் என்று நினைத்திருந்தேன், அல்லது மன்னிப்பார் என்று. இரண்டில் ஒன்றுக்கு என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் தலையை நிமிர்த்தினேன்.

எஞ்சின் கதை அவருடைய காதில் ஏறவே இல்லை. குடித்ததும் ஏறவில்லை, குரலும் ஏறவில்லை. ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப, அவர் வரமாட்டாரோ தம்பி?"

எல்லாவற்றுக்கும் பதில் எழுதி வைத்திருந்தோம். இதற்கு வைக்கவில்லை. நான் தெய்வக்காரன் இல்லை என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன், ஆனாலும் அவருக்குக் கேட்பதற்கு நான்தான் இருந்தேன். இல்லை அக்கா, வருவார் என்று மறுபடி சொல்வது எவ்வளவு இலேசு. வாயில் வந்து நின்றது. காதுக்குப் பின்னாலும் கேட்கத் தொடங்கியது.

"எனக்குத் தெரியாதக்கா" என்றேன்.

அவர் அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தார். படகு ஒதுங்கிய நாளிலிருந்து அவர் அழுததே இல்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். அன்று அழுதார். முதலில் சத்தமில்லாமல், பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. மூத்த மகள் வேலை முடிந்து வரும்வரை நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.